குமாஸ்தா வீட்டுச் சுவரிலும் ஓர் ஓவியம்!

மும்பைக் கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலர் ஜஹாங்கீர் ஓவியக் கூடத்தின் வாசலைத் தினமும் இரண்டு முறை கடக்கிறார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இப்படியே இருபது வருஷம் கடந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தப் படியேறி உள்ளே போனவர்கள் மிகச் சிலரே.

காரணம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "அதெல்லாம் பெரிய இடத்து சமாசாரம், சார். நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள். டிக்கெட் எவ்வளவோ என்ற பயம் ஒரு பக்கம். செருப்புக் காலோடு, வேர்த்த சட்டையோடு போனால் காவல்காரர் தடுப்பாரோ என்ற கூச்சம் இன்னொரு பக்கம். உள்ளே யாராவது ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கமும் உண்டு.

இந்த மூன்று பயங்களுக்கும் ஆதாரம் இல்லை. ஜஹாங்கீர் கூடத்துக்கு அனுமதிக் கட்டணம் கிடையாது. காலை 11 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி.யிலோ சர்ச்கேட்டிலோ இறங்கினால் நடந்து போகும் தூரம்தான். நாள் முழுவதும் கணக்குப் புத்தகத்தையோ இயந்திரத்தையோ பார்த்துச் சலித்த கண்ணுக்கு, செலவில்லாமல் இப்படி ஓர் ஓய்வு வேறெங்கும் கிடைப்பது அரிது.

நம் வீட்டுக்கு முன்பே வந்த ஓவியம்

"எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது" என்று சொல்லும் தமிழரின் வீட்டுச் சுவரைப் பாருங்கள். தாமரையில் நிற்கும் லட்சுமி இருப்பாள். வீணையோடு சரஸ்வதி இருப்பாள். அல்லது மயில் மேல் முருகன் இருப்பார். இந்தப் படங்களுக்கும் மும்பைக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

திருவாங்கூரைச் சேர்ந்த ராஜா ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியங்கள் முதலில் அரண்மனைகளிலும் செல்வந்தர் மாளிகைகளிலும்தான் தொங்கின. அவற்றை அச்சில் பதித்துப் பரப்பினால் சாதாரண மக்களுக்கும் கிடைக்குமே என்று யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர், கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ். ரவிவர்மா 1894-ல் அப்போதைய பம்பாயில், கிர்காம் பகுதியில் ஓர் அச்சகம் தொடங்கினார். கல்லச்சு முறையில் படங்கள் ஆயிரக்கணக்கில் அச்சாகி நாடெங்கும் போயின. பிறகு அந்த அச்சகம் லோணாவளா அருகே மளவ்லிக்கு இடம் மாறியது.

நம் பக்கத்திலும் அந்தக் கதை தொடர்ந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக் கொண்டே கோவில்பட்டி வந்து சேர்ந்து, அங்கேயே தங்கினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் காலண்டர்களில் ஏறி, குடிசை முதல் கோபுரம் வரை எல்லாச் சுவர்களையும் பிடித்தன.

ஆகவே, ஓவியத்தோடு தமக்குப் பழக்கமில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறந்தது முதல் ஓவியத்தின் கீழேதான் வளர்ந்திருக்கிறோம். அச்சுப் பிரதியிலிருந்து அசலுக்கு ஓர் அடி எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

கறுப்புக் குதிரைத் திடல்

ஜஹாங்கீர் கூடம் இருக்கும் பகுதிக்குக் காலா கோடா, அதாவது கறுப்புக் குதிரை என்று பெயர். பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர், குதிரை மேல் அமர்ந்த கரிய வெண்கலச் சிலை ஒன்று அங்கே இருந்தது. 1965-ல் சிலையை அப்புறப்படுத்திப் பைகுல்லாவில் உள்ள உயிரியல் பூங்காவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். குதிரை போன பிறகும் பெயர் போகவில்லை! கடைசியில் 2017-ல், மேலே யாரும் அமராத கறுப்புக் குதிரைச் சிலை ஒன்றையே அங்கு புதிதாக நிறுவினார்கள்.

இந்தத் திடலைச் சுற்றிச் சில நிமிஷ நடையில் மூன்று பெரிய கலைக்கூடங்கள் உள்ளன.

முதலாவது ஜஹாங்கீர் ஓவியக் கூடம். சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் அளித்த நன்கொடையால் 1952-ல் திறக்கப்பட்டது. ஓவியர் கே.கே. ஹெப்பாரும் விஞ்ஞானி ஹோமி பாபாவும் இதற்காக முயற்சி எடுத்துக் கொண்டவர்கள். ஓவியர்கள் இங்கே அரங்கை வாடகைக்கு எடுத்துத் தம் படைப்புகளை வைக்கிறார்கள். பெரும்பாலும் செவ்வாய் தொடங்கித் திங்கள் வரை ஒரு வாரக் கணக்கு. அடுத்த வாரம் போனால் வேறு படங்கள், வேறு ஓவியர்கள். ஒரே இடத்தில் வாரம்தோறும் புதுப் படம் ஓடும் தியேட்டர் மாதிரி என்று வைத்துக் கொள்ளலாம், டிக்கெட்தான் இல்லை.

இரண்டாவது, எதிர்ப் பக்கத்தில் உள்ள தேசிய நவீன ஓவியக் கூடம். 1911-ல் கட்டப்பட்ட கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம் ஒரு காலத்தில் கச்சேரிகளுக்கும் அரசியல் கூட்டங்களுக்கும் பயன்பட்டது. அதையே உள்ளே திருத்தி அமைத்து 1996-ல் மத்திய அரசின் ஓவியக் கூடமாகத் திறந்தார்கள். கட்டணம் குறைவு. திங்கட்கிழமை விடுமுறை.

மூன்றாவது, 1922-ல் திறக்கப்பட்ட பழைய பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியம். இப்போது சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரகாலயா. இங்கே மொகலாய, ராஜபுத்திர சிற்றோவியங்களையும், டாட்டா குடும்பத்தார் சேகரித்து அளித்த பொருள்களையும் காணலாம்.

இவை தவிர, 1999-லிருந்து ஆண்டின் தொடக்கத்தில் காலா கோடா கலை விழா நடக்கிறது. அந்த நாட்களில் சாலையில் வாகனங்களை நிறுத்திவிட்டு, தெருவையே ஓவியக் கூடமாக்கி விடுகிறார்கள்.

கார் கழுவியவரும் பானர் எழுதியவரும்

ஓவியம் பெரிய இடத்து சமாசாரம் என்று நினைப்பவர்கள் கே.எச். ஆராவின் வாழ்க்கையை அறிந்து கொள்ள வேண்டும்.

ஆரா 1914-ல் செகந்திராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தாயை இழந்தார். ஏழு வயதில் வீட்டை விட்டு ஓடி பம்பாய் வந்து சேர்ந்தார். கார் கழுவினார், வீட்டு வேலை செய்தார். உப்பு சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறைக்கும் போனார். வேலைக்காரர்களுக்கான சிறு அறையில் இருந்து கொண்டு, ஓய்ந்த நேரத்தில் படம் போட்டார். பத்திரிகையில் ஓவிய விமர்சனம் எழுதி வந்த ரூடி வான் லேடன் என்ற ஜெர்மானியர் கண்ணில் அந்தப் படங்கள் பட்டன. 1942-ல் ஆராவின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது.

1947-ல் சூசா, ராசா, உசேன், காடே, பாக்ரே ஆகியோருடன் ஆராவும் சேர்ந்து தொடங்கியதே முற்போக்கு ஓவியர் குழு. இன்று இந்திய நவீன ஓவியம் என்று எங்கே பேசினாலும் இந்த ஆறு பேரில் ஆரம்பிக்காமல் பேச முடிவதில்லை. ஆரா அதிகம் வரைந்தவை என்ன? பூச்சாடியில் பூக்கள், குடம், சட்டி, பழம். ஒற்றை அறைக்குள் எட்டிய பொருள்களை அவர் நிறைய வரைந்தார். பின்னாளில் ஓவியர் மையத்தின் செயலாளராக இருந்து, கையில் காசில்லாத இளம் ஓவியர்களுக்குத் துணை நின்றார். 1985-ல் காலமானார்.

அதே குழுவின் எம்.எப். உசேன் பண்டரிபுரத்தில் பிறந்தவர். பம்பாய் வந்த புதிதில் சினிமா பானர் எழுதி வயிற்றைக் கழுவினார். சதுர அடிக்கு இத்தனை அணா என்று கூலி. பிறகு குழந்தைகளுக்கான மரச்சாமான்களும் பொம்மைகளும் வடிவமைத்தார்.

வயிற்றுப் பிழைப்புக்காக ரயிலேறி இந்த நகரத்துக்கு வந்தவர்கள் உண்டாக்கிய கலை இது. வயிற்றுப் பிழைப்புக்காக வந்த மற்றவர்களுக்கு அதைப் பார்க்க உரிமை இல்லையா என்ன?

எப்படிப் பார்ப்பது?

கூடத்துக்குள் நுழைந்தவுடன் ஒவ்வொரு படத்தின் முன்பும் ஒரு நிமிஷம் நின்று, வரிசையாக முடித்துவிட்டு வெளியேறுவது வீண் வேலை. பழகியவர்கள் முதலில் நிற்காமல் ஒரு சுற்று வருவார்கள். எந்தப் படம் கண்ணைப் பிடித்து இழுக்கிறதோ அதை மனத்தில் குறித்துக் கொள்வார்கள். இரண்டாவது சுற்றில் அந்த இரண்டு மூன்று படங்களுக்கு முன்னால் மட்டும் நிற்பார்கள்.

பத்தடி தள்ளி நின்று மொத்தத்தைப் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்தில் போய்த் தூரிகை ஓடிய திசை, சாயத்தின் கனம், வெறுமனே விட்ட இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மறுபடி பின்னால் வர வேண்டும். ஐந்து நிமிஷம் இப்படிச் செய்தால், முதலில் தெரியாத பலவும் தெரியத் தொடங்கும். கையால் மட்டும் தொடக் கூடாது. விரல் ஈரம் சாயத்தைக் கெடுக்கும்.

"மனிதனும் இல்லை, மரமும் இல்லை, வெறும் வண்ணத்தை இழுகி வைத்திருக்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம்?" என்று அலுத்துக் கொள்பவர்கள் உண்டு. நாதஸ்வரக்காரர் தோடியில் ஆலாபனை செய்கிறார். அதில் சொல் இல்லை, பொருள் இல்லை. யாராவது அதற்கு அர்த்தம் கேட்கிறார்களா? தலையாட்டி ரசிக்கிறார்கள். வாசலில் போடும் சிக்குக் கோலத்திலும் உருவம் இல்லை, புள்ளியும் வளைவும்தான். காஞ்சிபுரம் பட்டில் அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை எடுக்கலாமா, மாம்பழ நிறம் எடுக்கலாமா என்று அரை மணி நேரம் யோசிக்கும் நம் பெண்களுக்கு வண்ணம் பற்றித் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? அதே கண்ணோடு, அருவ ஓவியம் வரைந்த வி.எஸ். காய்தொண்டே போன்றவர்களின் படத்தின் முன்னால் நின்று பார்த்தால் போதும்.

பிடிக்காத படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பெரிய பெயர் என்பதற்காக ஆகா என்பதும் ரசனை ஆகாது. நாலைந்து மாதம் தொடர்ந்து பார்த்து வந்தால், தமக்கு எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று தாமே உணர்ந்து கொள்ளலாம்.

வாங்கியவர்கள் யார்?

ஓவியர் வாழ வேண்டுமானால் பாராட்டு மட்டும் போதாது. யாராவது வாங்கவும் வேண்டும். ஆராவும் உசேனும் வளர்ந்த காலத்தில் வாங்கியவர்கள் மகாராஜாக்கள் அல்லர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி பம்பாய் வந்த எம்மானுவல் ஷ்லெசிங்கர், வால்டர் லாங்ஹாமர், ரூடி வான் லேடன் போன்ற சிலர். ஒருவர் மருந்துத் தொழில் செய்தவர். இன்னொருவர் பத்திரிகையின் ஓவியப் பிரிவில் வேலை பார்த்தவர். பெயர் பெறாத இளைஞர்களின் படங்களை அவர்கள் நம்பி வாங்கினார்கள்.

கெக்கூ காந்தி என்ற பார்சி இளைஞர் 1941-ல் படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலைத் தொடங்கினார். தம் கடையில் சட்டங்களைக் காட்டுவதற்காக இளம் ஓவியர்களின் படங்களை மாட்டி வைத்தார். சட்டம் வாங்க வந்தவர்கள் படத்தையும் பார்த்தார்கள். 1963-ல் அவரே ஜஹாங்கீர் கட்டிடத்தின் மாடியில் கெமோல்ட் ஓவியக் கூடத்தை ஆரம்பித்தார்.

ஹோமி பாபா தம்முடைய டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்காகக் கட்டிடச் செலவில் நூற்றில் ஒரு பங்கை ஓவியங்களுக்கு ஒதுக்கச் செய்தார். இன்று அந்த நிலையத்தின் ஓவியத் தொகுப்பு நாட்டின் சிறந்த தொகுப்புகளில் ஒன்று.

சம்பளக்காரர் வாங்க முடியுமா?

முடியும். ஆனால் கடன் வாங்கி வாங்கக் கூடாது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் ஓவியம். போனஸ் வரும் மாதத்தில் ஒரு தொகையை இதற்கென்று தனியே எடுத்து வைப்பவர்களும் உண்டு. ஆண்டுக்கு ஒன்று, அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒன்று வாங்கினாலும் போதும்.

குறைந்த விலையில் அசல் ஓவியம் கிடைக்கும் வழிகள் நான்கு.

ஒன்று, நடைபாதை. ஜஹாங்கீர் வாசலுக்கு வெளியே ஓவியர்கள் தம் படங்களை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால் எதிரே உட்கார வைத்து முகத்தையும் வரைந்து தருவார்கள். சிறிய நீர்வண்ணப் படங்கள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். உள்ளே அரங்கில் உள்ள படங்களுக்கு விலை ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களுக்குப் போகும்.

இரண்டு, மாணவர் கண்காட்சி. கிராபோர்டு மார்க்கெட்டுக்கு எதிரே உள்ள சர் ஜே.ஜே. ஓவியப் பள்ளி 1857-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் அங்கே மாணவர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள். ஜஹாங்கீர் கூடத்திலும் மழைக் காலத்தில் இளம் ஓவியர்களுக்கென்று ஒரு கண்காட்சி நடப்பது வழக்கம். நாளைக்குப் பெயர் பெறப் போகிறவர்கள் இன்று இங்கேதான் இருக்கிறார்கள்.

மூன்று, அச்சோவியம். இதைப் பலர் தவறாகப் புரிந்து கொள்கிறார்கள். ஓவியரே மரத்திலோ லினோலியத்திலோ செதுக்கி, அல்லது உலோகத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து, கையால் மை தடவி எடுக்கும் பிரதிகள் அசல் படைப்பாகவே மதிக்கப்படுகின்றன. ஸ்கிரீன் பிரிண்டிங் முறையிலும் ஓவியர்கள் இப்படிச் செய்வதுண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கை எடுத்ததும் நிறுத்திவிடுவார்கள். படத்தின் கீழே பென்சிலால் 7/25 என்று எழுதியிருந்தால், மொத்தம் 25 பிரதிகளில் அது ஏழாவது என்று பொருள். பக்கத்தில் ஓவியரின் கையெழுத்தும் பென்சிலில் இருக்கும். பல பிரதிகள் இருப்பதால் ஒவ்வொன்றின் விலையும் குறைவு.

நான்கு, காகிதத்தில் வரைந்தவை. ஒரே ஓவியரின் பெரிய எண்ணெய் வண்ணப் படத்துக்கு ஒரு லட்சம் என்றால், அவருடைய சிறு பென்சில் கோட்டோவியமோ கரிக்கோல் படமோ அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கலாம். மேஜை மேல் அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

பேசிப் பழகுங்கள்

ஜஹாங்கீரில் ஒரு பெரிய சௌகரியம், பெரும்பாலும் ஓவியரே அரங்கில் உட்கார்ந்திருப்பார். பல தனியார் கூடங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக் கொள்வது வழக்கம். இங்கே அப்படி இல்லாமல் ஓவியரிடமே நேரில் வாங்கலாம்.

ஓவியரிடம் பேசுவதற்கு இலக்கிய ஆங்கிலம் வேண்டாம். இந்தியோ மராத்தியோ போதும். தமிழ்நாட்டிலிருந்து வந்து படம் வைக்கும் ஓவியர்களும் உண்டு. அவர்களிடம் தமிழிலேயே பேசலாம். எந்த ஊர், எதனால் வரைந்தது, எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அவர்களுக்கு, யாராவது வந்து ஆர்வத்தோடு நாலு வார்த்தை கேட்பதே ஆறுதல்.

படத்தின் அருகில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுப் போய்விட்டது என்று அர்த்தம். விலை கேட்பதில் வெட்கம் வேண்டாம். காய்கறிக் கடை பேரம் மட்டும் வேண்டாம். "என்னால் இவ்வளவுதான் முடியும்; இரண்டு மூன்று தவணையாகத் தரலாமா?" என்று நேராகக் கேட்கலாம். ஒப்புக் கொள்ளும் ஓவியர்கள் பலர். கண்காட்சியின் கடைசி நாளில் இப்படிக் கேட்பது இன்னும் எளிது. திரும்பக் கட்டிக் கொண்டு போகும் செலவாவது மிச்சம் என்று நினைப்பார்கள்.

வாங்கும்போது ரசீது கட்டாயம் வேண்டும். ஓவியர் பெயர், படத்தின் பெயர், ஆண்டு, அளவு, எதில் வரைந்தது, விலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். சொன்ன விலையில் வரி அடங்குமா என்பதையும் முன்னாலேயே கேட்டுக் கொள்வது நல்லது. அசல் என்று ஓவியர் கையெழுத்திட்டுத் தரும் சான்றையும் வாங்கி, ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஏமாறாதீர்கள்!

2025 மார்ச் மாதம் நியூயார்க்கில் உசேனின் 'கிராம யாத்திரை' என்ற ஓவியம் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று. 1954-ல் தீட்டிய படம். அதே ஆண்டில் டில்லியில் அதை ஒரு டாக்டர் வாங்கினார். அவர் மூலம் நார்வே நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய், பல்லாண்டுகள் அங்கே இருந்தது.

இந்தச் செய்தியைக் காட்டி, "இன்று பத்தாயிரம் போடுங்கள், பத்து வருஷத்தில் பத்து லட்சம்" என்று ஆசை காட்டும் தரகர்களும் இருக்கிறார்கள். ஒரு படம் கோடிக்குப் போவது உண்மை. அதே காலத்தில் வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் வாங்கிய விலைக்கும் போகாமல் கிடப்பதும் உண்மை. பிள்ளையின் படிப்புக்கோ பெண்ணின் கல்யாணத்துக்கோ சேர்க்கும் பணத்துக்கு வங்கியும் தபால் ஆபீசும் இருக்கின்றன. ஓவியம் தினமும் பார்த்து மகிழ்வதற்கு.

உசேன், சூசா, ராசா என்று கையெழுத்துப் போட்ட படம் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது என்றால் அது போலி என்றே வைத்துக் கொள்ளலாம். துணியின் மேல் இயந்திரத்தில் அச்சிட்டு, மேலே கொஞ்சம் பசை தடவித் தூரிகை ஓடியது போல் காட்டும் படங்களும் கடைகளில் கிடைக்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் நுண்ணிய புள்ளிகள் தெரியும். அழகுக்காக வாங்குவதானால் தவறில்லை. அசல் விலை கொடுப்பதுதான் தவறு.

பழைய சிலை, நூறு வருஷத்துத் தஞ்சாவூர்ப் படம் என்று ரகசியமாக விற்க வருபவர்களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இத்தகைய பொருள்களை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். திருட்டுப் பொருளாக இருந்தால் வாங்கியவரும் போலீஸ் நிலையம் ஏற வேண்டி வரும்.

மழைக் காலம் வருகிறது

படத்தை வாங்கிவிட்டால் வேலை முடியவில்லை. மும்பை மழைக்கு இரும்பே துருப்பிடிக்கிறது, காகிதம் எம்மாத்திரம்?

சால் வீடுகளில் ஒரு சுவராவது ஓதம் காக்கும். அந்தச் சுவரில் படம் கூடாது. அடுப்புக்கு மேலும் கூடாது. எண்ணெய்ப் புகை படியும். வெயில் நேராக விழும் இடத்தில் நீர்வண்ணம் வெளுத்துவிடும்.

காகிதப் படத்துக்குச் சட்டம் போடும்போது, படம் கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் அட்டை வைக்கச் சொல்ல வேண்டும். ஒட்டினால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரண அட்டை வருஷம் போகப் போகக் காகிதத்தைப் பழுப்பாக்கும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். எண்ணெய் வண்ணப் படத்துக்குக் கண்ணாடி தேவையில்லை. ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

பத்துக்குப் பன்னிரண்டு அங்குலப் படம் ஒற்றை அறைக்குத் தாராளம். உட்கார்ந்தால் கண் படும் உயரத்தில் மாட்டுவது நல்லது. தரையில் பாய் போட்டு உட்காருகிற வீட்டில், பங்களாவில் மாட்டும் உயரத்துக்கு மாட்டினால் யார் பார்ப்பது?

ஒரு படம் என்ன செய்யும்?

1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். ஓவியம் மட்டும் விற்றுச் சாப்பிட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். ஊருக்குப் போகும்போது மகாபலிபுரம் சாலையில் அந்தக் கிராமத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

இன்றும் பெரும்பாலான ஓவியர்களின் நிலை அதுதான். பகலில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அல்லது விளம்பரக் கம்பெனியில் வேலை. இரவில் ஓவியம். சேமித்த பணத்தைக் கட்டி ஒரு வாரம் அரங்கு எடுக்கிறார்கள். அந்த ஏழு நாளில் ஒரு சிறு படம் விற்றாலும், அடுத்த ஆறு மாதத்துக்குச் சாயமும் துணியும் வாங்கும் தெம்பு வருகிறது. அந்தப் படத்தை வாங்கியவர் கோடீஸ்வரரா குமாஸ்தாவா என்பது முக்கியமில்லை.

வாங்கியவர் வீட்டிலும் ஒரு மாற்றம் உண்டாகிறது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். அங்கே ஒரு படம் மாட்டினால் அது இன்னொரு ஜன்னல் ஆகிவிடுகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளை அதைப் பார்த்து, "இந்த ஆற்றில் ஏன் சிவப்பு?" என்று கேட்கும். பதில் சொல்ல அப்பாவும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கேள்விக்காகவே படத்துக்குக் கொடுத்த பணம் தகும்.

வாங்குவது பிறகு இருக்கட்டும். அடுத்த விடுமுறையன்று பிள்ளைகளை அழைத்துக் கொண்டு காலா கோடா பக்கம் போய் வாருங்கள். ரயில் டிக்கெட்டும் ஆளுக்கு ஒரு வடா பாவும்தான் செலவு. படியேறும்போது தயங்க வேண்டாம். கதவு திறந்தே இருக்கிறது.